கறுப்புப் பந்து அசைந்தது

நேற்றுக் காலையில் என் வீட்டுக்குள் உன் வாசனை வந்தது.

பேத்தி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு ஊட்டிக்குப் போகிறாள். அதற்காக வாங்கிய ஸ்வெட்டர் பையிலேயே கிடந்து கசங்கிவிட்டது என்று என் மனைவி ஈரத் துணியை மேலே போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சூடுபட்ட கம்பளி வாசனை. வெயிலைத் தவிர வேறு பருவம் தெரியாத நம் சிவகாசியில் கம்பளிக்கு என்ன வேலை? அந்த வாசனையை நான் முகர்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான். கிளப்பின் பின்கூடத்தில், திங்கட்கிழமை காலைகளில், ஸ்னூக்கர் மேஜையின் பச்சைக் கம்பளித் துணியை நீ இஸ்திரி போடும்போது வரும் வாசனை அது. காபியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கதவோரம் நீ நிற்பாய் என்று உண்மையிலேயே எதிர்பார்த்தேன். நீ இறந்து ஐந்து மாதம் ஆகிறது.

யாரைத் தேடுகிறீர்கள் என்று பேத்தி கேட்டாள். கிளப்பில் மார்க்கராக இருந்த ஒருவரை என்றேன். மார்க்கர் என்றால் என்ன என்று அடுத்த கேள்வி. பந்துகளை அடுக்கி வைப்பார், புள்ளிப் பலகையை நகர்த்துவார், மேஜையைத் துடைத்து இஸ்திரி போடுவார், மெம்பர்களுக்குச் சோடா கொண்டுவந்து கொடுப்பார் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் விளையாடவே மாட்டாரா தாத்தா என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது, கிளம்பு என்று விரட்டிவிட்டேன்.

உன்னைவிட நன்றாக ஆடியவனை நான் பார்த்ததில்லை. ஆனால் உன் நிஜ ஆட்டத்தை என்னைத் தவிர ஊரில் யாரும் பார்த்ததில்லை. மெம்பர் கூப்பிட்டால் மார்க்கர் ஆடலாம், ஜெயிக்கத்தான் கூடாது. எங்கேயும் எழுதி ஒட்டாத சட்டம். பட்டாசுக் கம்பெனிக்காரர்களும் விருதுநகர் வத்தல் மண்டிக்காரர்களும் சாயங்காலம் வந்து உன்னோடு ஆடுவார்கள். ஏழெட்டுப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்து, மீசையைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அந்த ஏழெட்டுப் புள்ளியை அவர்களுக்கே தெரியாமல் விட்டுக்கொடுப்பதுதான் உன் ஆட்டத்திலேயே கடினமான பகுதி என்று எனக்குத் தோன்றும்.

மற்றவர்கள் முன்னால் எனக்கும் அப்படித்தான் விட்டுக்கொடுத்தாய். திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. அப்பாவின் அச்சகத்தில் பட்டாசு லேபிள் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் நைசாக நழுவிப் பின்வாசல் வழியாக வந்துவிடுவேன். மேஜையின் சூடு ஆறியதும் நாம் ஆடுவோம். அங்கே விட்டுக்கொடுப்பது என்ற பேச்சே கிடையாது. ஆறு வருடத் திங்கட்கிழமைகளில் நான் ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. விட்டுக்கொடுக்காமல் என்னோடு சரிசமமாக ஆடுகிறாய் என்று எனக்குப் பெருமைதான். உள்ளுக்குள் எரிச்சலும் இருந்தது. ஒரே வயது, ஒரே மேஜை, நான் மெம்பர், நீ மார்க்கர், ஜெயிப்பது மட்டும் நீ. இனி உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அதனால் சொல்கிறேன்.

இந்த ஆட்டத்தில் கையோ சட்டையோ தவறிப்போய்ப் பந்தில் பட்டால் ஃபவுல். பட்டவனே அதைச் சொல்ல வேண்டும். நடுவர் பார்த்தாரா, எதிராளி பார்த்தானா என்பதெல்லாம் அடுத்த விஷயம். நீ வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் பெரிய மெம்பர் ஒருவரின் சட்டை பந்தில் பட்டதைப் பார்த்து, ஃபவுல் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாயாம். ஒரு வாரம் இந்தப் பக்கமே வராதே என்று கிளப் செயலாளர் அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு மெம்பர் தானாகச் சொன்னால் பலகையை நகர்த்துவாய். சொல்லாவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். இதை நீயே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாய். "மார்க்கருக்குக் கண்ணு இருக்கலாம் மொதலாளி, வாயிதான் இருக்கக் கூடாது."

பிறகு அந்த வருடம் வந்தது. வெளிநாட்டில் வெயிஸ்ட் கோட் போட்டுக்கொண்டு பணத்துக்கு ஆடுகிறவர்களை வீடியோ கேசட்டில் பார்த்துவிட்டு, சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிலர் சேர்ந்து இங்கேயும் ஒரு தொழில்முறை சீசன் நடத்தலாம் என்று கிளம்பினார்கள். ஐந்து ஊர்களில் ஐந்து போட்டிகள். எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி, மார்க்கர்களும் ஆடலாம் என்பது. அதுவரை கூலிக்கு மேஜையருகே நிற்கிறவன் என்ற காரணத்தைச் சொல்லியே உங்களை எந்தப் போட்டியிலும் சேர்க்க மாட்டார்கள். சீசன் முடிவில் பட்டியலில் முதலாவதாக நிற்பவருக்குச் சென்னையில் ஒரு கிளப்பில் பயிற்சியாளர் வேலை. சம்பளம், குடும்பத்தோடு தங்க வீடு, நாள் முழுக்க ஆட ஒரு மேஜை. நோட்டீஸை நான் படித்துக் காட்டியபோது அந்த வரியை மட்டும் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னாய்.

செயலாளர் லீவு கொடுக்கவில்லை. பணத்துக்கு ஆடப் போகிறவன் வேலையை விட்டுவிட்டுப் போகட்டும் என்றார். நீ விட்டுவிட்டாய். அப்போது உனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை. நானும் பெயர் கொடுத்தேன். எனக்கு அந்த வேலையும் வேண்டாம், பரிசும் வேண்டாம். உனக்குத் துணையாக வருகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். நம் ஊரில் சீசன் என்றால் தீபாவளிக்கு முந்தைய மாதங்கள்தான், அச்சகத்தில் மெஷின் மூச்சு விடாது. ஊரே ஆர்டருக்குப் பின்னால் ஓடும்போது இவன் பந்துக்குப் பின்னால் ஓடுகிறான் என்று அப்பா சாப்பாட்டு வேளைதோறும் சொல்லிக்காட்டினார்.

விருதுநகரில் ஒரு டெய்லரிடம் ஒரே துணியில் ஆளுக்கொரு கறுப்பு வெயிஸ்ட் கோட் தைத்தோமே, நினைவிருக்கிறதா? அவர் அதுவரை அப்படி ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. மாப்பிள்ளைக் கோட்டின் இரண்டு கையையும் வெட்டிப் போட்டது போலத் தைத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். உள்ளே போட வெள்ளை முழுக்கைச் சட்டை. என் சட்டை மணிக்கட்டுப் பக்கம் தொளதொளவென்று இருந்தது. அதைப் பிடித்துத் தைக்கச் சொல்லி டெய்லரிடம் சொன்னதே நீதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இருக்கட்டும் என்று நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மதுரை, திருச்சி, சேலம், கோயம்புத்தூர். அந்த நான்கு மாதத்தைப் போல இன்னொரு காலம் எனக்கு வாய்க்கவில்லை. நான் இரண்டாம் சுற்றிலோ மூன்றாம் சுற்றிலோ தோற்று உட்கார்ந்துவிடுவேன். பிறகு முழு நேரமும் உன் ஆட்டத்தைப் பார்ப்பேன். விட்டுக்கொடுக்காத உன்னை நாலு பேர் நடுவில் பார்க்க எனக்கு உடம்பு சிலிர்க்கும். சேலத்தில் கோப்பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியபோது, நான் ஆடிய ஒரு மட்டமான ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "அந்தச் செவப்ப ஏன்லே அடிச்ச, விட்டுருக்கலாம்லா" என்றாய். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாய். அத்தனை வருடத்தில் நீ என்னை முதலாளி என்று சொல்லாமல் பேசியது அன்றுதான். இனிமேல் முதலாளி என்று சொன்னால் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிடுவேன் என்றேன். அதற்குப் பிறகு சீசன் முடிகிறவரை நான் உனக்கு வெறும் 'லே'தான். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரிந்திருக்காது.

கடைசிப் போட்டி சென்னையில். அரையிறுதிக்குள் நுழைந்துவிட்டாலே பட்டியலில் நீதான் முதல். வேலை உனக்கு. என் நல்ல காலமோ கெட்ட காலமோ, அந்த ஊரில் நானும் தோற்காமல் கால் இறுதி வரை வந்துவிட்டேன். சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். உனக்கு எதிரே என் பெயர். நீ என் தோளில் தட்டினாய். "திங்கக்கெழமைன்னு நெனச்சு ஆடுலே."

ஐந்து ஃப்ரேமில் மூன்று ஜெயிக்க வேண்டும். எனக்கு அன்று தொட்டதெல்லாம் விழுந்தது. உனக்குக் கை இறுகிப்போயிருந்தது, வேலையை விட்டுவிட்டு வந்தவனுக்கு அப்படித்தான் இருக்கும். ஆளுக்கு இரண்டு ஃப்ரேம் ஆனது. ஐந்தாவதில் மேஜை மேல் பிங்க் பந்தும் கறுப்புப் பந்தும் மட்டும் மிச்சம். பிங்க்குக்கு ஆறு புள்ளி, கறுப்புக்கு ஏழு; நீ நான்கு புள்ளி முன்னால் இருந்தாய். பிங்க் மூலைக் குழியின் வாயிலேயே நின்றது, குழந்தைகூட அதைத் தள்ளிவிடும். என் முறை. ஆனால் வெள்ளைப் பந்துக்கும் எனக்கும் நடுவில் கறுப்பு இருந்தது. அதற்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் ஊன்றித்தான் அடிக்க முடியும்.

குனிந்தேன். சட்டைக் கையின் பட்டன் கறுப்பில் பட்டது. சத்தம் எதுவும் இல்லை. கறுப்பு அசைந்தது, ஒரு நூலளவு.

நடுவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார், அவருக்கு என் முதுகுதான் தெரியும். நீ நேர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். தலையைத் தூக்கினேன். நீ பந்தைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். நான் சொல்லியிருந்தால் ஏழு புள்ளி உனக்கு, அடுத்த முறையும் உனக்கு, குழியின் வாயில் பிங்க் உனக்காகக் காத்திருந்தது. சென்னையும் அந்த வீடும் உனக்கு.

நான் காத்திருந்தேன். முப்பது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிற சமாதானம் இதுதான்: அவன் வாயைத் திறக்கட்டும், அடுத்த நொடியே ஒத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். ஆனால் நீ எப்படிச் சொல்லுவாய்? மெம்பரின் சட்டை பந்தில் பட்டது, மெம்பர் பேசாமல் நிற்கிறார். உன் முகம் மெதுவாக ஒரு பக்கம் திரும்பியது. கிளப்பில் ஜன்னல் இருக்கும் பக்கம். சென்னைக் கூடத்தில் அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது. வெறும் சுவர். அந்தச் சுவரை நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

நான் பிங்க்கை அடித்தேன். பிறகு கறுப்பையும் அடித்தேன். உன்னை முதன்முதலாக ஜெயித்துவிட்டேன். கை தட்டினார்கள். நீ எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தாய்.

"நல்லா ஆடுனீக, மொதலாளி."

மறுநாள் காலையிலேயே நான் அரையிறுதியில் தோற்றேன், நிற்கக்கூட முடியாமல் தோற்றேன். பட்டியலில் நீ இரண்டாவதாக நின்றாய். பகல் வண்டியில் ஊர் திரும்பினோம். விழுப்புரத்தில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். திருச்சி தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டாய். நீ தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் விழித்திருக்கிறேன் என்று உனக்கும் தெரியும். விருதுநகர் வரை எத்தனை ஸ்டேஷன், எந்த ஸ்டேஷனிலாவது சொல்லியிருக்கலாம்.

கிளப்பில் வேறு மார்க்கரைப் போட்டுவிட்டார்கள். எங்கள் அச்சகத்துக்கு வந்துவிடு என்று ஆள் அனுப்பினேன், நேரில் வரக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை. பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் வந்தது. ஒரு மாதம் கழித்து நீ பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். கை கொஞ்சமும் நடுங்காத ஆள் என்று பார்த்ததுமே ஃபோர்மேன் உன்னை வெடிமருந்து கலக்கும் அறைக்குப் போட்டுவிட்டாராம். நம் ஊரில் அந்தக் கைக்கு அதுதானே வேலை.

அதற்குப் பிறகு நான் பட்டதை உனக்குச் சொல்ல வேண்டும். எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டால் ஊரே தெருவுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்க்கும். எந்தக் கம்பெனி, எந்தக் கம்பெனி என்று ஒருவரை ஒருவர் கேட்கும். நான் மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு அச்சகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன். பெயர் தெரிகிற வரை எழுந்திருக்க மாட்டேன். உன் கம்பெனி இல்லை என்று தெரிந்ததும், அங்கே செத்தவர்களைப் பற்றி நினைக்காமல், அப்பாடா என்று மூச்சு விடுவேன். அதற்காகவும் பிறகு வெட்கப்படுவேன். இருபது வருடத்துக்கு மேல் இப்படித்தான். மெஷின் நின்ற அந்த அமைதியில் பந்தோடு பந்து மோதுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்கும். ஒரே ஒரு தடவை, டக் என்று. சென்னைக்குப் பிறகு நான் க்யூ கோலைத் தொடவில்லை.

நீ குடிபோயிருந்த மல்லாங்கிணற்றில், உன் மகள் கல்யாணத்தில்தான் சொல்லிவிடப் பார்த்தேன். பந்தியில் நீயே எனக்குப் பரிமாற வந்தாய். அன்றைக்குச் சென்னையில், என்று ஆரம்பித்தேன். நீ கரண்டியோடு அப்படியே நின்றாய், என் தலைக்கு மேலே எதையோ பார்த்தாய். "சாப்பிடுங்க மொதலாளி, ஆறிரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாய்.

கடைசியில் உன்னை எந்த வெடியும் கொண்டுபோகவில்லை. வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவன் எழுந்திருக்கவில்லை. எங்கள் அச்சகத்துக்கு லோடு ஏற்ற வரும் மல்லாங்கிணறு ஆள் ஒருவர் போகிற போக்கில் சொன்னார். பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. அன்றே கிளம்பிப் போனேன்.

சுவரில் மாலையோடு இருந்த படத்தில் நீ அந்தக் கறுப்பு வெயிஸ்ட் கோட்டைப் போட்டிருந்தாய். வேறு படமே இல்லையாம். உன் மனைவி நாற்காலி எடுத்துப் போட்டார். உன் மகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அழுது முடித்த வீடு அது, என்னைப் பார்த்து மறுபடியும் கொஞ்சம் அழுதார்கள். பிறகு உன் மனைவி அதைச் சொன்னார். நீ தோற்றுப்போனதைப் பற்றி ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லையாம். பிள்ளைகளுக்கு அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லுவாயாம்.

"'என் சட்டைக் கை கறுப்புல பட்டுச்சு, ஒருத்தரும் பாக்கல. நானே ஃபவுலுன்னு சொல்லிட்டு வந்து உக்காந்துட்டேன்'னு சொல்லுவாக. நீங்க அங்கனதான இருந்தீக அண்ணே?"

இருந்தேன் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னாய்? என்னைக் காப்பாற்றவா? அவர்களிடம் என் பெயர் கெட்டுவிடக் கூடாது என்றா? அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அன்று வாயைத் திறக்காமல் இருந்தது நான் மட்டும் இல்லை. அது உனக்கும் உள்ளே அறுத்திருக்கிறது. நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பிள்ளைகளிடம் சொல்ல உனக்கு மனம் வரவில்லை. அதனால் நாம் இரண்டு பேரும் விட்டுவிட்ட அந்த ஒரு சொல்லை உன் வாயில் நீயே வைத்துக்கொண்டாய். இது என் ஊகம்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள இனி நீ இல்லை.

உன் மகள் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள். "ஒரு தடவ ஒங்க வாயால சொல்லுங்க மாமா. அப்பா சொல்லித்தான் கேட்டுருக்கோம். பாத்தவுக சொல்லிக் கேட்டதில்ல."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன், உன் படத்தைப் பார்த்தேன், சொல்லத் தொடங்கினேன். ஐந்தாவது ஃப்ரேம் என்றேன். பிங்க் குழியின் வாயில் நின்றது என்றேன். சட்டைக் கை தொளதொளவென்று இருந்தது, பட்டன் பட்டது, நூலளவு அசைந்தது, நடுவர் பார்க்கவில்லை. எதையும் இட்டுக்கட்ட வேண்டியிருக்கவில்லை, ஆளை மட்டும் மாற்றினால் போதும். உங்கப்பா நிமிர்ந்து நின்று சொன்னார் என்றேன். எப்படிச் சொன்னார் என்று அவள் கேட்டாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, கையைத் தூக்கி, ஃபவுல் என்று சொல்லிக் காட்டினேன். முப்பது வருடத்தில் அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். உன் மகள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். உன் மனைவி என் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டார். நான் காபியைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அந்த ஆட்டம் எனக்குத் தினமும் வருகிறது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக மாறி வருகிறது. மேஜையின் அந்தப் பக்கம் குனிந்திருப்பது நீ, நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது நான். உன் குரல் கேட்கிறது. அசைந்த பந்தை நான் நாற்காலியிலிருந்து பார்த்தது போலவே தெரிகிறது. ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, எவ்வளவு பெரிய மனுஷன் அவன், தானே சொன்னானே என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் திடுக்கிட்டேன். எனக்கு வயதாகிறது. இன்னும் கொஞ்ச நாளில் நானும் அதை நம்பிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதன் பிறகு நடந்தது என்ன என்று தெரிந்தவர்கள் யாருமே இருக்க மாட்டார்கள்.

அதற்குள் எழுதிவைத்துவிடுகிறேன். பட்டது என் சட்டைக் கை. நான் சொல்லவில்லை.